முத்திரை தெளிவில்லை

அண்ணி எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆளைப் பார்க்கமாட்டாள், மேஜையைத்தான் பார்ப்பாள். ஆள் பொய் சொல்வான், மேஜைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவள் கட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவள். வேலையை விட்டதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். உதவியாளன் வேறு யாருமில்லை, புருஷனின் தம்பிதான். அவன் "அண்ணி அண்ணி" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டதில் தபால்காரர், வீட்டுச் சொந்தக்காரர், வாடிக்கையாளர் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே விளங்கிவிடும்.

அன்று காலை இருவரும் நின்றது தடய ஆய்வுக்கூடத்தின் வாசல் மேஜைக்கு முன்னால். பலாத்கார வழக்குகளில் ஆஸ்பத்திரி எடுக்கும் சாம்பிள்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்து, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, போலீஸ் ஸ்டேஷன் வழியாக இந்த மேஜைக்குத்தான் அனுப்பவேண்டும். இங்கே டெஸ்ட் செய்து ரிப்போர்ட் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்று சட்டம் நம்புகிறது, பாவம்.

மேஜைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீசால் முத்து முத்தாக எழுதியிருந்தது: 'நிலுவை: இல்லை'. பக்கத்தில் கண்ணாடி அலமாரி நிறையத் துரித சேவைக் கேடயங்கள்.

"ஓட்டப்பந்தயக்காரன் வீட்டுலகூட இத்தனை கேடயம் இருக்காது அண்ணி," என்றான் ரேடியோ. "உள்ள எல்லாரும் காலணியைக் கழட்டாமதான் தூங்குவாங்கபோல."

"வாயை மூடிக்கிட்டு கண்ணைத் திற," என்றாள் அண்ணி.

அவர்கள் தேடி வந்தது ஒரே ஒரு பெட்டியை. அது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் பெட்டி. அந்தக் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர்தான் குற்றவாளி. மன்னிக்கவும், குற்றம் சாட்டப்பட்டவர். சட்டம் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறது. அந்த மரியாதையோடு அவர் வருடக்கணக்காகத் தினமும் லிஃப்டைப் பார்வையிட வருகிறார், கடை வாசலில் நின்று "என்னம்மா, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார். ரிப்போர்ட் வரும்வரை அவரை யாரும் ஒன்றும் செய்யமுடியாது. ரிப்போர்ட்டோ வந்தபாடில்லை. பெட்டியை அனுப்பிவிட்டோம் என்று ஸ்டேஷன் சொல்கிறது, எங்களிடம் வரவே இல்லை என்று லேப் சொல்கிறது. நாளைக்கு வழக்கு கோர்ட்டுக்கு வருகிறது. நாளையும் லேப் வாய் திறக்காவிட்டால் வழக்கை மூடிவிடுவேன் என்று ஜட்ஜ் முடிவாகச் சொல்லிவிட்டார். பெட்டி கைக்கு வந்தது, டெஸ்ட் ஆரம்பமாகிவிட்டது என்று லேப் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு பிழைக்கும், இல்லையென்றால் அம்பேல் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

கண்ணாடிக்கடைப் பெண் அண்ணியின் ஆபீசுக்கு வந்த அன்று அழவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே அது மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"யாருங்க அது?" என்று ரேடியோ பொறுக்கமுடியாமல் கேட்டான்.

"லோன் வேணுமான்னு கேக்கிறாங்க. அன்னிக்கு ஸ்டேஷன்ல, ரிசல்ட் வந்ததும் கூப்பிடுவோம், எந்த நம்பர்ல இருந்து வரும்னு தெரியாது, எடுக்காம விட்டுடாதீங்கன்னு சொன்னாங்க. அதனால எல்லாத்தையும் எடுத்துடுவேன். இந்த ஊர்லயே லோன்காரங்ககிட்ட மரியாதையாப் பேசுற ஒரே ஆள் நான்தான்."

சிரிக்கவேண்டிய பேச்சுதான். ரேடியோ வாயைத் திறந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அக்கா இருக்கும் ஊரில் இதைவிட நல்ல வேலை கிடைத்ததாம், கூப்பிடும்போது ஊரில் இருக்கணும் என்று சொல்லியிருந்ததால் போகவில்லையாம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். லேபில் பெட்டி வாங்கும் ஆள், அந்தக் கட்டடக்காரருக்கு மச்சான், பொண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி.

அவ்வளவுதான், ரேடியோவின் மண்டைக்குள் வழக்கு அன்றே முடிந்துபோயிற்று. மச்சான் பெட்டியை அமுக்கிவிட்டான். இனி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதற்கான வசனத்தைக்கூட நேற்றே யோசித்து வைத்திருந்தான்.

அந்த மச்சான்தான் இப்போது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தடித் தடியாகச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைத் துடைத்து ஒரு யுகம் ஆகியிருக்கும்.

"ஒரு பெட்டி வந்துச்சான்னு பாக்கணும்ங்க," என்றாள் அண்ணி.

"வரல," என்றார் சோடாபுட்டி.

"இன்னும் நம்பரே சொல்லலையே!"

"எந்த நம்பரா இருந்தாலும் வரலைங்க. வந்திருந்தா டெஸ்ட் ஆகியிருக்கும். டெஸ்ட் ஆகாத பெட்டின்னு ஒண்ணு இந்தக் கட்டடத்துக்குள்ளயே கிடையாது. போர்டைப் பாருங்க."

"பார்த்தேன். கையெழுத்து ரொம்ப அழகு. பெட்டி வைக்கிற இடத்தையும் காட்டினீங்கன்னா சந்தோஷப்படுவேன்."

பாராட்டுக்கு மயங்காத ஆள் அரசாங்க ஆபீசில் இனிமேல்தான் பிறக்கவேண்டும். சோடாபுட்டி பெருமையோடு கதவைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒரே ஒரு தட்டில் மட்டும் சில பெட்டிகள் இருந்தன. மற்றதெல்லாம் காலி.

"இது?"

"அது மேல இருந்து போன் வந்த கேஸ். பேப்பர்ல வந்ததும் கொஞ்சம் இருக்கு."

"அலமாரி புதுசா?"

"இல்லைங்க. இந்தக் கட்டடம் திறந்தப்பவே வாங்கினது."

அண்ணி அலமாரியின் காலைப் பார்த்தாள். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. தட்டுகளின் பெயின்ட்டில் ஒரு கீறல் கிடையாது. திரும்பி வந்து மேஜையின் விளிம்பைத் தடவினாள். அங்கே கதை வேறு. மரம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. மேஜை மேல் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப்புகள் இருந்தன. 'பெறப்பட்டது' நேற்று பிறந்ததுபோல் பளபளத்தது. 'திருப்பப்பட்டது' பிடி கறுத்து, ரப்பர் மழுங்கி, பல் போன கிழம்போல் கிடந்தது. அண்ணி குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"நீங்க இங்க அரக்கு உருக்குவீங்களாங்க?"

"நாங்க எதுக்கு உருக்கணும்? அது ஸ்டேஷன் வேலை."

"வர்றோம்," என்றாள் அண்ணி.

வாசலைத் தாண்டியதும் ரேடியோ பொரிந்துதள்ளினான். "என்ன அண்ணி இப்படி விட்டுட்டு வந்துட்டீங்க! நம்பரைச் சொல்றதுக்கு முன்னாடியே வரலைங்கிறான். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையால்ல இருக்கு? இன்னும் கொஞ்சம் மடக்கியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பான்."

"மச்சானா இருக்கிறது ஒரு குத்தமா? அப்படின்னா ஊர்ல பாதிப் பேரை உள்ள தள்ளணும். இதைப் பாரு முதல்ல."

கைக்குட்டையில் ஒரு சிவப்புத் துணுக்கு இருந்தது. உடைந்து விழுந்த அரக்கு. அண்ணி பூதக்கண்ணாடியை நீட்டினாள். இந்தக் காலத்தில் பூதக்கண்ணாடியோடு அலையும் துப்பறிவாளர் தன் அண்ணி ஒருத்திதான் என்பதில் ரேடியோவுக்கு நீண்டநாள் மானக்கேடு உண்டு. இருந்தாலும் பார்த்தான். சிவப்பு, அதன்மேல் ஒரு தூசிக்கோடு, மறுபடி சிவப்பு, மறுபடி தூசி. அப்படியே வெங்காயம்போல் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது.

"அரக்கு எத்தனை தடவை ஊத்துவாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒரு தடவை. அனுப்பும்போது."

"அப்ப இது?"

ரேடியோ தலையைச் சொறிந்தான்.

"எவன் விரல் வெந்து கிடக்குதோ அவன்தான் நம்ம ஆளு. ஸ்கூட்டரை எடு," என்றாள் அண்ணி.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர், பேனாவைப் பிடிக்கமுடியாமல் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி. மற்ற விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்தன. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கை என்னங்க ஆச்சு? சமையலா?"

"நீங்க வேற! என் வீட்டுக்காரி என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டா."

"அண்ணன் கொடுத்துவைச்சவர். எங்க வீட்டுல எங்க அண்ணனைத்தான் அடுப்பங்கரையில கட்டிப்போட்டிருக்காங்க," என்று ரேடியோ ஆரம்பித்தான். அண்ணியின் செருப்பு அவன் காலை மிதித்தது.

அண்ணி வழக்கு எண்ணைச் சொன்னாள். ஏட்டு யோசிக்கவே இல்லை.

"அந்தப் பெட்டியா? அனுப்பியாச்சே!"

"எப்போ அனுப்பினீங்க?"

"போன வாரம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின வாரம்," என்று சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரேடியோ வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். அண்ணி மட்டும் அசையவில்லை. "ஒரே பெட்டியை வாராவாரம் அனுப்புறீங்களா? லேப் மேல அவ்வளவு பாசமா?"

ஏட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். ரொம்ப நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் இருந்தது அவர் முகம். "பின்னாடி வாங்க, வண்டி கிளம்பப்போகுது," என்றார்.

கொல்லைப்புறத்தில் சாம்பல் நிற வேன் ஒன்று நின்றது. டிரைவர் முன் சீட்டில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். ஏட்டு பின்கதவைத் திறந்தார்.

உள்ளே தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி அரக்கு வழிந்து, இறுகி, முஷ்டி பருமனுக்குப் புடைத்திருந்தது. வேன் தரையில் மெழுகுவத்தித் துண்டும் தீக்குச்சிகளும் சிதறிக்கிடந்தன. உட்கார்ந்து வேலை செய்ய ஒரு குட்டி முக்காலிகூட இருந்தது.

"எங்க ஸ்டேஷன்ல எந்தப் பெட்டியும் ஒரு வாரத்துக்கு மேல தங்கக்கூடாது, ரூல்," என்றார் ஏட்டு. "அதனால அனுப்பிடுவோம். லேப்ல வாங்கினா நிலுவை ஏறும். அதனால 'முத்திரை தெளிவில்லை'ன்னு மேஜையிலயே திருப்பிடுவாங்க. நான் அது மேலயே இன்னொரு தடவை அரக்கு ஊத்துவேன். மேல மேல ஊத்தினா முத்திரை எப்படிங்க தெளிவா விழும்? மறுபடி திருப்புவாங்க. மறுபடி ஊத்துவேன். ஆரம்பத்துல பெட்டியை எல்லாம் இறக்கி ஏத்திக்கிட்டு இருந்தோம். அப்புறம் முதுகு விட்டுப்போச்சு. இப்ப வண்டிக்குள்ளயே உக்காந்து ஊத்திடுறேன்."

"அதாவது ஸ்டேஷன்லயும் நிலுவை இல்லை, லேப்லயும் நிலுவை இல்லை," என்றாள் அண்ணி.

"ஆமாங்க. எங்களுக்கும் கேடயம் குடுத்தாங்க."

டிரைவர் செய்தித்தாளை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நல்லாக் கேளுங்கம்மா. வண்டி வர வர கனமாகுது. மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. டயரை மாத்திக் குடுங்கன்னா, காலி வண்டிக்கு எதுக்குப் புது டயருங்கிறாங்க."

இந்த இடத்தில் ரேடியோ ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். வேனுக்குள் ஏறிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு பெண், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. இத்தனை பேரா? மூலையில், அடியில் நசுங்கிப்போய், அந்தப் பெட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், கை நடுங்கியதில் பாதி மூடியிலும் பாதி பக்கத்திலுமாகக் கோணிக்கொண்டு போய்விட்டது என்று கண்ணாடிக்கடைப் பெண் சொல்லியிருந்தாள். கோணல் அப்படியே இருந்தது. அவள் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள்தான் வெளியே தெரிந்தன. மிச்சத்தை அரக்கு தின்றுவிட்டிருந்தது.

"அண்ணி, கிடைச்சிடுச்சு," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "யாரு அண்ணி திருடினது?"

"யாரும் திருடல. அதுதான்டா கொடுமை. திருடியிருந்தா ஒரு திருடனைப் பிடிச்சாப் போதும்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணு. லேபுக்கு வரச் சொல்லு."

பேசிப் பேசி ரேடியோவின் போனில் எப்போதும் உயிர் இருக்காது. டிரைவரின் போனை வாங்கிப் போட்டான். மணி முழுசாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"வணக்கம் சார். லோனா இருந்தா வேண்டாம் சார். இருந்தாலும் சொல்லுங்க, கேக்கிறேன்," என்றது அவள் குரல்.

ரேடியோ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"நான்தாங்க, ரேடியோ. உங்க பெட்டி கிடைச்சிடுச்சு."

அந்தப் பக்கம் கடையில் யாரோ பிரேம் விலை விசாரிப்பது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "எங்க இருந்துச்சு?"

"ரோட்டுலங்க. ஒரு வேன்ல. ஸ்டேஷனுக்கும் லேபுக்கும் நடுவுல போய்ப் போய் வந்துக்கிட்டு இருந்திருக்கு."

"சாம்பல் கலர் வேனா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"எங்க கடை வாசல்லதான் வாராவாரம் போகும். முனையில திரும்பும்போது ஹார்ன் அடிப்பாங்க. கண்ணாடி எல்லாம் அதிரும்," என்றாள் அவள். "நான் வர்றேன்."

ரேடியோ போனைத் திருப்பிக் கொடுத்தான். அண்ணி அதற்குள் ஏட்டிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கை ஆறணும்னா இன்னிக்கு ஒரு நாள் எங்ககூட வண்டியில வாங்க. முத்திரைக்கட்டை, மெழுகுவத்தி, அரக்கு எல்லாத்தையும் எடுத்துக்குங்க. பழைய அரக்கைத் தொடவேண்டாம். பெட்டியில வெறும் இடம் ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

"நான் எதுக்குங்க லேபுக்கு?"

"பெட்டியை ஸ்டேஷனுக்குத் திருப்புறாங்க இல்ல? அவங்களுக்கு எதுக்கு அலைச்சல், ஸ்டேஷனையே கையோட கொண்டு போயிடலாம்."

ஏட்டு கொஞ்சம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. பிளாஸ்திரி விரலால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

லேப் வாசலில் கண்ணாடிக்கடைப் பெண் அவர்களுக்கு முன்பே வந்து நின்றாள். கடைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கண்ணாடி துடைக்கும் துணி அதன் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. டிரைவர் அந்தப் பெட்டியைச் சுமந்துவந்து மேஜைமேல் வைத்தார். அது தேய்ந்த பள்ளத்தில் வழக்கம்போல் சறுக்கிக்கொண்டு போய்ச் சோடாபுட்டியின் முன்னால் நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை தானாகப் பல்போன ஸ்டாம்ப்பைத் தேடிப் போயிற்று.

"முத்திரை தெளிவில்லை. ஸ்டேஷனுக்குத் திருப்பு."

"திருப்புங்க," என்றாள் அண்ணி.

"ஸ்டேஷன் வந்தாச்சு சார்," என்றார் ஏட்டு. முக்காலியை மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மெழுகுவத்தியைக் கொளுத்தி, பெட்டியின் வெறும் பக்கத்தில் நாலு சொட்டு அரக்கு விட்டு, முத்திரைக்கட்டையை அழுத்தி எடுத்தார். நெற்றிப்பொட்டுபோல் அச்சாக விழுந்தது.

சோடாபுட்டி திருதிருவென்று விழித்தார். இப்படி ஒரு விபத்து அவர் சர்வீசில் நடந்ததில்லை. பெட்டியைத் தூக்கினார், சாய்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இல்லைங்க. இன்னும் சரியாத் தெரியல."

கண்ணாடிக்கடைப் பெண் முன்னால் வந்தாள். "உங்க கண்ணாடியைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"குடுங்க."

வேலையில் பழகிய குரல் அது. வாடிக்கையாளர் எவரும் மறுத்துப் பேசமுடியாத குரல். சோடாபுட்டி கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார். அவள் பையிலிருந்து துணியை எடுத்தாள். ஒரு பக்கம் ஊதித் துடைத்தாள், மறுபக்கம் ஊதித் துடைத்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு தானே அவர் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தாள்.

"இப்பப் பாருங்க. முத்திரை தெரியுதா?"

"தெரியுது."

"இந்தப் பக்கம் கையெழுத்து?"

"பாதிதான் தெரியுது. கோணலா இருக்கு."

"அன்னிக்குக் கை நடுங்குச்சு. இன்னிக்கு நடுங்கல. மிச்சப் பாதி நான்தான். என்னையும் பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். பெட்டியில் இருந்த வழக்கு எண்ணைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது ரேடியோவுக்கு நன்றாகத் தெரிந்தது. யோசித்து வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட இதுதான் சமயம். "மாமனைக் காப்பாத்த நல்லாத்தான் மறைச்சீங்க!" என்று எடுத்துவிட்டான்.

"மாமா கேஸா இது?" என்றார் சோடாபுட்டி. அந்தத் திகைப்பை நடித்துக் காட்ட அவரால் ஆகாது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எந்தப் பெட்டி யாருதுன்னு நான் பாத்ததே இல்ல. எல்லாத்தையும்தான் திருப்பினேன். உள்ள டெஸ்ட் பண்றதுக்கு ஒரே ஒரு அம்மாதான் இருக்காங்க. ஆள் கேட்டா, நிலுவையே இல்லாத ஆபீசுக்கு எதுக்கு ஆளுங்கிறாங்க. மாமா ஒரு நாள், ஒரு தடவைகூட, இதைப் பத்தி என்கிட்ட வாயைத் திறந்ததில்லைங்க."

"எதுக்குத் திறக்கணும்?" என்றாள் அண்ணி. "அவர் கேட்டிருந்தாக்கூட இவ்வளவு ஒழுங்காச் செஞ்சிருக்கமாட்டீங்க."

ரேடியோவின் வசனம் அம்போ என்று போயிற்று. போகட்டும். இந்த மனுஷன் உண்மையிலேயே திருடனாக இருந்திருக்கக்கூடாதா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஓங்கி ஓர் அறை விடவாவது ஒரு கன்னம் கிடைத்திருக்கும்.

சோடாபுட்டி 'பெறப்பட்டது' ஸ்டாம்ப்பை எடுத்துச் சீட்டில் குத்தினார். ஒன்றும் விழவில்லை, மை காய்ந்து கட்டியாகியிருந்தது. ரேடியோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்டாம்ப் பேடில் தெளித்தான். இரண்டாம் தடவை வெளிறிப்போய் விழுந்தது, மூன்றாம் தடவை கறுப்பாக விழுந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி வெளியே வந்தாள். காயவைத்து அடைத்த சாம்பிள்தான், கெட்டிருக்காது, இன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறேன், கோர்ட்டில் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக்கடைப் பெண் அதை வாங்கி மடித்து, கண்ணாடித்துணிக்குள் பத்திரமாகச் சுற்றிவைத்தாள்.

பிறகு மேஜையை விட்டு நகராமல், "அடுத்தது," என்றாள்.

"உங்களுது முடிஞ்சுதேம்மா," என்றார் சோடாபுட்டி.

"முடிஞ்சுது சார். அடுத்தது யாருதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்களும் இப்ப எங்கேயோ உக்காந்து ஒரு லோன்காரன்கிட்ட மரியாதையாப் பேசிக்கிட்டு இருப்பாங்க. கொண்டு வரச் சொல்லுங்க."

டிரைவர் அடுத்த பெட்டியைக் கொண்டுவந்தார், அதற்கடுத்ததையும் கொண்டுவந்தார். ஏட்டு உருக்கினார், குத்தினார். சோடாபுட்டி துடைத்த கண்ணாடியால் உற்றுப் பார்த்தார். தெளிவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எதிரில் அந்தப் பெண் துணியோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் டைரக்டரே அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்னய்யா இது? போர்டு என்ன ஆகிறது? அடுத்த வாரம் கேடயம் குடுக்க வர்றாங்களே!"

"போர்டை நான் பாத்துக்கிறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க," என்றான் ரேடியோ. முழுக்கைச் சட்டையின் கையால் 'இல்லை'யை அழுத்தித் துடைத்தான். 'நிலுவை:' மட்டும் மிஞ்சியது. சாக்பீசைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "டிரைவரண்ணே, எவ்வளவுன்னு போடட்டும்?"

"இன்னும் இறக்கி முடியலப்பா!" என்று வெளியே இருந்து பதில் வந்தது.

டைரக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்போது மேஜைமேல் ஒரு போன் அடித்தது. கண்ணாடிக்கடைப் பெண்ணின் போன். திரையில் தெரியாத நம்பர். ரேடியோவின் கை சாக்பீசோடு அந்தரத்தில் நின்றது. அண்ணியும் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கை பழக்கத்தில் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"லோன்காரங்களா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.